மூடியால் அளந்த எண்ணெய்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத உட்கார்ந்தால் வரி கோணிக்கொண்டு போகிறது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ எழுதிக்கொண்டிருப்பேன். மறதியும் சேர்ந்துவிட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இது வாயால் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். வாய் வராததால்தான் காகிதத்துக்கு வந்திருக்கிறேன்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் என்று நினைக்கிறேன். எங்கள் வீடு பெரம்பலூரில். எனக்குப் பதின்மூன்று வயது, அண்ணனுக்கு இருபது. அண்ணன் திருச்சிக்குப் போய் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டி, புதிதாக லைசன்ஸ் வாங்கி வந்திருந்தார். பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட ஒரு சின்ன வண்டியையும் அங்கேயே ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். பச்சை நிறம். மூடி மறைக்க ஒன்றும் கிடையாது. இன்ஜின், குழாய், சங்கிலி எல்லாம் வெளியே தெரியும். இரண்டு பேர் பிடித்தால் தூக்கிவிடலாம். ஆனால் முறுக்கினால் சிட்டாகப் பறக்கும்.

அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"எலும்புக்கூட்டு மேல ஏறி உக்காந்துக்கிட்டு, தொரை மாதிரி போறாரு பாரு" என்பார்.

அப்போது அரியலூரில், ரயிலில் கடலை ஏற்றி அனுப்புகிற ஒரு மண்டியில் ஆள் தேடினார்கள். ஊர் ஊராகப் போய்க் கடலைக்காட்டைப் பார்த்து, காய் எப்படிப் பிடித்திருக்கிறது என்று வந்து சொல்ல வேண்டும். சொந்த வண்டியும் லைசன்ஸும் உள்ளவனாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் வண்டியோடு வந்து நிற்கும்படி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இந்த வேலை கெடச்சா வச்சுக்க. கெடைக்கலேன்னா வண்டியத் தலைமுழுகிட்டு ஏர் புடிக்க வா."

அந்த வண்டிக்குப் பெட்ரோல் மட்டும் ஊற்றினால் போதாது. எண்ணெயையும் அளந்து அதில் கலக்க வேண்டும். பெட்ரோல் டாங்கின் மூடிதான் அளவுக் கிண்ணம். அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார். ஒரு சொட்டு கூடினாலும் திரும்ப டின்னில் வடித்துவிடுவார். அந்த எண்ணெய் டின்னை மாட்டுக்கொட்டகையில் ஒரு மாடத்தில் வைத்திருந்தார்.

நான் அதில் கை வைத்தது ராட்டினத்துக்காக. எங்கள் தெருக்கிணறு காப்பிக்கடைக்கு எதிரே இருந்தது. கயிற்றை இழுத்தால் ராட்டினம் கிறீச்சென்று ஊருக்கே கேட்கும். கடையில் உட்கார்ந்திருக்கும் ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கடைக்காரர் வேறு, "நாயனம் ஆரம்பிச்சிருச்சு, பொண்ணு வந்தாச்சுங்கோ" என்று கத்துவார். எனக்கு உயிர் போய்விடும். ஆள் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசுகிறவள் நான். விளக்கெண்ணெய் போட்டுப் பார்த்தேன், இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஒருநாள் அண்ணனின் டின்னிலிருந்து நாலு சொட்டு எடுத்துப் போட்டேன். ராட்டினம் வாயை மூடிக்கொண்டது. ஒரு வாரம் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது.

ராட்டினம் திரும்பக் கத்த ஆரம்பித்ததும், வியாழக்கிழமை மறுபடியும் எடுக்கப் போனேன். கை வழுக்கி டின் சாய்ந்துவிட்டது. நிமிர்த்துவதற்குள் பாதிக்கு மேல் சாணித்தரையில் ஓடிவிட்டது. மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன். அப்புறம் செய்ததுதான் பாவம். அடுப்பங்கரைக்குப் போய், செக்கில் ஆட்டி வைத்திருந்த கடலை எண்ணெயைச் செம்பில் எடுத்து வந்து, முன்பு இருந்த மட்டத்துக்கு டின்னில் ஊற்றினேன். அதுவும் எண்ணெய், இதுவும் எண்ணெய்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி எண்ணெயை அளந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி கிளம்பியது. வெள்ளைப் புகை. கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன தம்பி, வண்டிக்குள்ள வட சுடுறியா? வாசன தூக்குதே!"

கடையே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். "ஒங்க கடை வட வாசனைதாங்க, எங்க வண்டி மேல ஏன் பழி போடுறீங்க?"

எனக்கு மட்டும் தெரியும். அது கடலை எண்ணெய் காயும் வாசனை. தெருவில் இறங்கி, "அண்ணே, போகாதே" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கடையில் ஏழெட்டு ஆம்பிளைகள் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் திரும்பிக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பொழுது சாயும்போது ஒரு மாட்டுவண்டி வந்தது. அதன்மேல் மோட்டார் சைக்கிளைப் படுக்கப்போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. பின்னால் அண்ணன் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை கறுத்திருந்தது. பேரளி தாண்டி மேடு ஏறும்போது இன்ஜின் இறுகி, சக்கரம் பூட்டிக்கொண்டு, ஆளைக் கீழே தள்ளியிருக்கிறது. முழங்கைத் தோல் பெயர்ந்த காயத்தோடு வண்டியைப் போட்டுவிட்டு, கிடைத்த பாரவண்டியில் ஏறி அரியலூர் போயிருக்கிறார். போய்ச் சேரும்போது உச்சி வெயில். வேறொருவரை வைத்துக்கொண்டுவிட்டார்களாம்.

மறுநாள் லாரிக்கு வேலை பார்க்கும் ஒரு மேஸ்திரி வந்து இன்ஜினைப் பிரித்தார். உள்ளே விரலை விட்டு எடுத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, பிசின் மாதிரி புடிச்சிருக்கு? என்ன எண்ணெய் ஊத்துனீங்க?"

"டின்னுல வந்த எண்ணெய்தாங்க. பட்டாளத்து எண்ணெய்."

"வெளக்கெண்ணெய ஊத்திருந்தாக்கூடத் தாங்கிருக்கும், பட்டாளத்து எண்ணெய் தாங்காதா? அப்ப அளவுலதான் கோளாறு. புது லைசன்ஸ் பாருங்க, கை அவசரம்."

அண்ணன் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இருக்கும்ங்க. வேலைக்குப் போற பரபரப்புல தப்பா ஊத்திருப்பேன்" என்றார்.

திங்கட்கிழமை அப்பா ஏரைக் காட்டினார். வண்டியை யாரோ வந்து கொண்டுபோனார்கள். லைசன்ஸ் காகிதம் பெட்டியின் அடியில் கிடந்து பழுப்பேறிப்போனது. அண்ணன் அதற்கப்புறம் எந்த வண்டியையும் தொடவில்லை. கடைசிவரை ஏர்தான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் ரசத்தில் உப்புக் கூடினாலும், பால் காப்பிக்குப் போதாமல் போனாலும், "மாமா அளவு போட்டுட்டியா?" என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். அண்ணனே விருந்துப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையைத் தன்மேலேயே போட்டுச் சொல்லிச் சிரிப்பார். நான் பரிமாறுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

அவர் படுக்கையில் விழுந்தபோது சொல்லிவிடுவது என்றே போனேன்.

"என்ன புள்ள, என்னமோ சொல்ல வந்தவளாட்டம் நிக்கிற?"

"ஒண்ணுமில்லண்ணே. கஞ்சி ஆறுது, குடி."

அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அடுத்த மாதம் அவர் போய்விட்டார்.

வருஷம், கிழமை, மேடு இருந்த இடம் இவற்றில் தப்பு இருக்கலாம். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். வண்டி வேலை தெரிந்தவர்கள் யாராவது, கடலை எண்ணெய் கலந்தால் இன்ஜின் அப்படி இறுகுமா என்றும் விசாரித்து எழுதுங்கள். எந்தப் பதில் வந்தாலும் சரி. ஆனால் அன்றைக்கு அண்ணன் அளந்த அளவை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். அது சரியாக இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று நான் பார்த்தேன்.