காதைப் பொத்திக்கொண்டவர்

சத்தியவேடு நூலக வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அண்மையில் தாங்கள் ரசித்த படம், தொடர், நாவல் எல்லாவற்றையும் ஊழியர்கள் அதில் எழுதிவைப்பார்கள். அவர்களில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாவுக்குத் துப்பறியும் கதைகள்தான் உயிர். எழுதுவதோடு விடமாட்டார். வருகிறவர்களை நிறுத்தி, சாக்பீஸ் கையால் மேசையைத் தட்டித் தட்டிக் கதையும் சொல்வார். முடிவு நெருங்கியதும் சட்டென்று நிறுத்திவிடுவார்.

“கொலைகாரன் யாரும்மா?” என்றேன் ஒருநாள்.

“எனக்கே தெரியாது சார். கடைசி அத்தியாயம் நான் படிக்கிறதே இல்ல. படிச்சா வாய் சும்மா இருக்காது, எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருப்பேன்.”

அந்த நாவலை முடித்துத் திருப்பிக் கொடுக்கையில் ஆசையாக வாயைத் திறந்தேன். “வத்து சார், வத்து!” என்று, வேண்டாம் என்பதைத் தெலுங்கில் அலறி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இத்தனை கொலைகாரர்களைத் தப்பவிட்டுவிட்டு ஒருவரால் எப்படி இவ்வளவு நிம்மதியாகச் சிரிக்க முடிகிறது?