கேனில் சேர்ந்த எண்ணெய்

நடராசன் மாமாவுக்கு இன்று காரியம் முடிந்தது. அவர் என் அக்காவின் கணவர். வந்தவர்களில் பாதிப் பேர் அவரைக் கார்க்காரர் என்றே சொன்னார்கள். கார் அவரிடம் இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. மற்றக் காலமெல்லாம் மரக்காணம் உப்பளத்தில்தான் கழிந்தது.

பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிடுவது அவர் வேலை. பல நாள் வெயிலில் காய்ந்து கனத்த தண்ணீர் அது. வரப்பு உடைந்தால் மண்வெட்டியைத் தேடமாட்டார்; காலைக் குறுக்கே வைத்து அடைப்பார். அப்படிச் சேர்ந்த தண்ணீரை யாரும் மண்ணுக்கு விடுவதில்லை. மாமாவிடம் அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்தது. டீயில் ஈ விழுந்தால் ஈயை மட்டும் எடுத்துப் போடுவார். "அது எவ்ளோ குடிச்சிடப் போவுது?" என்பார்.

வைஜெயந்தி அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை புதுச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டி வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது மயங்கி விழுந்தாள். அதன்பிறகுதான் மாமா பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினார். பின்சீட்டில் தலையணை போட்டு அவளைப் படுக்கவைத்து ஓட்டுவார். கார் ஓடும்வரை அக்கா இருப்பாள் என்று நாங்கள் நம்பினோம்.

ஒருநாள் கூனிமேடு அருகே இஞ்சின் தானாக அலற ஆரம்பித்தது. சாவியை எடுத்த பின்னும் நிற்கவில்லை. மாமா கியரைப் போட்டு பிரேக்கை மிதித்துத்தான் அடக்கினார்.

மரக்காணத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஃபாரிஸ் பானட்டைத் திறந்து பார்த்தான்.

"இஞ்சின் தேஞ்சிடுச்சுண்ணா. உள்ள இருக்கிற ஆயில் ஆவியோட கலந்து காத்து போற பைப்புக்கு வருது. அதையே குடிச்சி ஓடுது."

"குடிகார வண்டின்னு சொல்லு."

"ஓனர் குடிக்கலன்னா வண்டியாவது குடிக்கணும்ல?"

இஞ்சினைப் பிரித்துக் கட்டப் பல நாள் ஆகும். அத்தனை நாள் அக்கா தாங்கமாட்டாள். அதனால் ஃபாரிஸ், ஆவி வரும் குழாய்க்கும் காற்று போகும் குழாய்க்கும் நடுவில் ஒரு இரும்பு டப்பாவைப் பொருத்தினான். உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணித்திருந்தான். ஆவி அதில் மோதி எண்ணெய் அடியில் தங்கும். காற்று மட்டும் மேலே போகும். பேட்டரிக்குப் பக்கத்தில் பட்டை வைத்து முடுக்கி, குழாய்களுக்குக் கிளிப் போட்டான்.

"இது கேட்ச் கேன். வாராவாரம் பாருங்க. நெறஞ்சிருந்தா ஊத்திடுங்க."

"ஊத்திடுறேன்" என்றார் மாமா.

சொன்னபடி செய்தார். இஞ்சின் அலறவில்லை, புகையும் குறைந்தது. "இப்பதான் காரு மாதிரி இருக்குது. முன்னாடி கொசு மருந்து அடிக்கிற வண்டிதான்" என்று அக்கா பின்சீட்டிலிருந்து சொல்வாள்.

மழைக்காலத்தில் சாலையில் வெள்ளம் ஏறி ஒரு முறை போக முடியவில்லை. அடுத்த முறைக்குள் அக்காவின் முகமும் காலும் வீங்கிவிட்டன. துணைக்கு நானும் ஏறினேன். கிளம்பும் முன் மாமா அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். எண்ணெய் சரியாக இருந்தது. பெரிய முதலியார்சாவடி வந்தபோது எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அளவுதான் சரியாக இருக்கிறதே என்று அவர் நிறுத்தவில்லை. கொஞ்ச தூரத்தில் இஞ்சின் கடகடவென்று அடித்து இறுகிப்போனது.

மழையில் எந்த ஆட்டோவும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு மீன் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் முறை வேறொருவருக்குப் போயிருந்தது. மறுநாள் காலை வரச்சொன்னார்கள். ஊருக்குத் திரும்பினோம்.

அன்று மாலை, இழுத்து வந்த கார் விடிவதற்குள் சரியாகுமா என்று கேட்க மாமா ஃபாரிஸ் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஃபாரிஸ் அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினான். எண்ணெய் தண்ணி டீ மாதிரி ஒழுகியது. இரும்புத் தூள் மினுங்கியது.

"கேன்ல சேந்தத என்னண்ணா பண்ணீங்க?"

"நீ சொன்ன மாதிரி ஊத்திட்டேன்."

"எங்க?"

"இஞ்சின்லதான். வேற எங்க?"

ஃபாரிஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அதுல தண்ணி, டீசல் எல்லாம் கலந்திருக்கும்ணா. இஞ்சின்ல சேந்தா அளவு ஏறும், ஆயில் நீத்துப்போயிடும். கீழ ஊத்தணும்."

"கீழயா" என்றார் மாமா. சட்டென்று, "வண்டி பழசுண்ணா. எப்படியும் போயிருக்கும்" என்றான் ஃபாரிஸ்.

விடிவதற்கு முன் அக்காவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் கூனிமேட்டைத் தாண்டவில்லை.

அக்காவை எரித்த மறுநாள் சுடுகாட்டில் பால் ஊற்றும் சடங்கு. மாமாவின் அண்ணன் பக்தவச்சலம் செம்பை அவர் கையில் கொடுத்தார்.

"ஊத்துப்பா."

மாமா செம்பைப் பிடித்தபடி நின்றார்.

"எங்க?"

"சாம்பல் மேலதான். வேற எங்க?"

துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாமா செம்பைச் சாய்க்கவில்லை. பால் தளும்பி விரலில் வழிந்தபோது, கீழே சிந்தாமல் மறு கையை அடியில் வைத்து ஏந்திக்கொண்டார். பக்தவச்சலம்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்துவிட்டார்.