ஆலையிலிருந்து வந்த செம்பருத்தி

காகித ஆலையை மூடப்போகிறோம் என்று மேலாளர் அறிவித்த அன்று, அங்கே துப்புரவு வேலை பார்த்த ரைலி சிற்றுண்டிக் கூடத்தின் மூலையில் ஈரத் துடைப்பானோடு நின்றிருந்தாள். அவர் பேசி முடித்ததும் முந்நூறு பேர் எழுந்தார்கள். காபிக் கோப்பைகளைக் கழுவும் இடத்தில் வைத்தார்கள். வரிசையாக வெளியே போனார்கள். அவள் கணவன் கௌக்கோவும் அந்த வரிசையில் போனான். முப்பத்தொரு வருஷம் இரண்டாம் எந்திரத்தில் நின்றவன்.

"தரை ஈரமா இருக்கு, பாத்து நட" என்றாள் ரைலி.

அந்தக் கூடத்தின் தெற்கு ஜன்னலோரம் ஒரு செம்பருத்தி இருந்தது. சீன ரோஜா என்பார்கள் வடகோடியிலிருந்த அந்தக் கடற்கரை ஊரில். ஆள் உயரத்தைத் தாண்டி, அடிமரம் மணிக்கட்டுத் தடிமனில் வளர்ந்திருந்தது. வெளியே கடல் உறைந்து கிடக்கும் மாதங்களிலும் அது இரண்டொரு பூ பூக்கும். யார் கொண்டுவந்து வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. இருபது வருஷமாகத் தண்ணீர் ஊற்றியவள் ரைலி. ஜனவரிக் கடைசியில் கட்டடத்தின் வெப்பக் குழாய்களை அடைத்துவிடுவார்கள் என்று காவலாளி சொன்னதும், அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட முடிவு செய்தாள்.

"ஆலையே போயிருச்சு, செடியக் கொண்டாந்து என்ன பண்ணப் போற?" என்றான் கௌக்கோ.

"தூக்க வர்றியா, இல்ல நானே தூக்கிக்கவா?"

வந்தான். கம்பளி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் சுற்றி, இருவருமாக வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். அன்று குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. பக்கத்து வீட்டுக்காரனின் வேன் கால் மணி நேரம் கிளம்பாமல் அடம்பிடித்தது. அதுவரை செடி பனியில் நின்றது. மூன்றாம் நாள் இலைகளெல்லாம் கொதிநீரில் போட்ட கீரைபோலக் கறுத்துத் தொங்கின. அந்த வாரமே அத்தனையும் உதிர்ந்து, தொட்டியில் வெறும் குச்சிகள் நின்றன.

தூக்கிப் போட்டுவிடலாம் என்றாள் ரைலி. அப்போதுதான் கௌக்கோ எழுந்து வந்தான். கட்டைவிரல் நகத்தால் அடிமரத்தைக் கீறிப் பார்த்தான். உள்ளே பச்சை இருந்தது.

"சாகல" என்றான். ஆலை மூடியபின் அவன் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

காய்ந்த கிளைகளை வெட்டினான். கொட்டகையிலிருந்து இரண்டு குழல் விளக்குகளைக் கழற்றி வந்து மேலே தொங்கவிட்டான். காலை எட்டுக்கு எரியும், மாலை ஆறுக்கு அணையும். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுவான். பிப்ரவரிக் கடைசியில் துளிர் வந்தது. கூடவே சிலந்திப்பேனும் வந்தது. இலைக்கடியில் தூசுபோல ஒரு வலை. சனிக்கிழமைதோறும் செடியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், பைன் சோப்பைக் கரைத்து, ஒவ்வொரு இலையாகக் கழுவினான். மற்ற நேரமெல்லாம் அதன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வேலை இழந்தவர்களுக்கான மறுபயிற்சி வகுப்புக்கு வரச்சொன்ன கடிதங்கள் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தன.

ரைலிக்குச் சுகாதார நிலையத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. காலையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம். ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை முழங்கால் வலியோடு திரும்பினாள். கழுவாத பாத்திரங்கள் அப்படியே இருந்தன. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அவன் அதே நாற்காலியில் இருந்தான்.

"ஜன்னலோரம் ரெண்டு செடி நிக்குது," என்றாள். "ஒண்ணாவது துளிர் விடுது."

அவன் மண்ணில் விரல் வைத்துப் பார்த்தான், கையைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனபின், பனியில் துளைபோடும் துரப்பணத்தையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு உறைந்த கடல்மேல் மீன்பிடிக்கப் போனான். பனிப்பாளம் இளகிக் கறுத்துவிட்டது, இனி ஆளைத் தாங்காது என்று மற்றவர்கள் நாலு நாளைக்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். ஐம்பத்தாறு வருஷம் அந்தக் கரையில் வாழ்ந்தவனுக்கு எந்தப் பனி தாங்கும், எது தாங்காது என்று தெரியாமலா இருக்கும். முக்காலியை அன்று மாலையே கண்டெடுத்தார்கள். அவனைக் கண்டெடுக்க மே பிறந்து பனி விலக வேண்டியிருந்தது.

"விபத்துன்னுதான் எழுதறோம்" என்றார் காவல்துறைக்காரர், கண்ணைப் பார்க்காமல்.

அடக்கத்துக்கு வந்த அவன் அக்கா ஐரா ஜூலையிலும் ஒருமுறை வந்தாள். செடி முற்றத்தில் வெயிலில் நின்றது. காபி ஆறிப்போனபின், ரைலி அந்த வியாழக்கிழமை தான் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னாள்.

"அதனாலதான் போனானா, ஐரா?"

ஐரா கோப்பையைத் திருப்பினாள்.

"தெரியாது ரைலி. இல்லன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா எனக்குத் தெரியாது. சின்ன வயசுலருந்தே அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்." பிறகு, "நானா இருந்தா அதவிட மோசமா சொல்லியிருப்பேன்" என்றாள்.

செப்டம்பரில் செடியை உள்ளே எடுத்தாள். அக்டோபரில் ஒரு பூ பூத்தது. சிவப்பு, உள்ளங்கை அகலம். வேலைக்குப் போகுமுன் பார்த்தாள். மறுநாள் அது சுருண்டு தரையில் கிடந்தது. நவம்பரில் பகல் சுருங்கி வெளிச்சம் போனதும் இலைகள் மஞ்சளித்தன. சிலந்திப்பேன் திரும்ப வந்தது. ஒரு வாளிக்கு எவ்வளவு சோப்பு போடுவான் என்று அவனிடம் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினாள். இன்னும் வாடியது, இன்னும் ஊற்றினாள். ஜனவரியில் அடிமரத்தைப் பிடித்து இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேர் நனைந்த கயிறுபோலக் குழைந்து நாறியது.

ரம்பத்தால் துண்டுகளாக அறுத்து, சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பில் வைத்தாள். ஈரக்கட்டை புகைந்துதான் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐரா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"செடி எப்படி இருக்கு?"

"அழுகிப் போச்சு. எரிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் ஐரா ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"உங்க ஊருக்கு பஸ் எத்தன மணிக்கு வருது?"

"பதினொண்ணுக்கு."

"நாளைக்கு வர்றேன். என் படுக்கைய எங்க போடறதுன்னு யோசிச்சு வை."

வந்த ஐரா மார்ச் முடியும்வரை இருந்தாள். கௌக்கோவைப் பற்றி இருவரும் அதிகம் பேசவில்லை. ரைலி வேலை முடிந்து திரும்பும்போது அடுப்பு சூடாக இருந்தது.