ஊதா விளக்கில் அக்காவின் கை

நானூறு பெண்கள் தைக்கும் அந்த ஆலையில் அவளுக்குச் சோப்பு நர்ஸ் என்றுதான் பெயர். ஊசி ஏறிய விரல்களுக்குக் கட்டுப் போட்டும், விடுப்புப் பதிவேட்டை ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதியும் பதினோரு ஆண்டுகளை முதலுதவி அறையில் கழித்தவள். அவளுடைய அக்கா அதே ஆலையின் கேன்டீனில் ரொட்டி பரிமாறினாள். கணவனை இழந்து நின்றவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் தங்கைதான். அக்காவுக்கு வேறு பிடிமானம் கிடையாது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு ஆலையைப் பிடித்து உலுக்கியது. ஒரே வாரத்தில் அறுபத்து மூன்று பேர் படுத்துவிட்டார்கள். மேலாளர் நர்ஸைக் கூப்பிட்டார்.

"ரெண்டு மாசம் டைம். பாதியாக் குறையலேன்னா கேன்டீனை மூடிடுவேன். சாப்பாட்டை வீட்டுலேருந்து கட்டிக்கிட்டு வரட்டும்."

"மூடிட்டா, அங்க வேலை பாக்குறவங்க சார்?"

"அவங்க வீட்டுலயே இருக்கட்டும்."

அவள் செய்து பார்க்காதது இல்லை. கழிப்பறைக் கதவில் கிருமியின் படம் ஒட்டினாள். மறுநாள் அதற்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள். தொட்டியருகே வைத்த சோப்பு தொடுவாரின்றிக் காய்ந்து வெடித்தது. அப்போதுதான் நகரத்தில் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பப்பட்டாள். அங்கே பாடம் நடத்தியவர் சொன்னது அவள் மனத்தில் ஆணியடித்தாற்போல் பதிந்தது.

"கிருமியைப் பத்தி மனுஷனுக்குத் தெரிஞ்சது நேத்துதாம்மா. அருவருப்பு லட்சக்கணக்கான வருஷமா இருக்கு. அழுகினதைப் பாத்து முகம் சுளிச்சவன் பிழைச்சான்; அவன் வழியில வந்தவங்கதான் நாம. அதனால பாடம் எடுக்காதீங்க. குமட்ட வைங்க."

விடைபெறும்போது ஒரு டப்பாவில் பொடியும் ஒரு சிறு விளக்கும் கொடுத்தார். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத பொடி. ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக ஒளிரும். கழிப்பறைத் தாழ்ப்பாளில் பூசினால் கழுவாத கையெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். "எல்லார் கையும் ஒளிரணும். ஒரே ஆளை மட்டும் காட்டிடாதீங்க" என்றும் அவர் எச்சரித்திருந்தார்.

எச்சரித்தபடியேதான் முதலில் செய்தாள். செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. அன்று ஒருநாள் மட்டும் நானூறு பேரும் தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளித் திறந்தார்கள். விளக்கில் எதுவும் ஒளிரவில்லை. கெடு முடியப் பதினேழு நாட்களே இருந்தன. அக்காவை முதலுதவி அறைக்கு வரச் சொன்னாள்.

"என் கையிலயா? ஒரு நாளைக்கு இருபது தடவை கழுவுறேன்டி நான்!"

"அதனாலதான்க்கா கேக்குறேன். வேற யார் கையில பூசினாலும் என் குடுமியைப் பிடிச்சுடுவாங்க. முடிஞ்ச அடுத்த நிமிஷம் உண்மையைச் சொல்லிடுறேன்."

"சரி, இத்தனை வயசுக்கு மேல நடிக்கச் சொல்ற. பூசு." வளையல் போட்டுக்கொள்பவளைப் போல இரு கைகளையும் நீட்டினாள்.

மதிய உணவின் நடுவில் நர்ஸ் திரைகளை இழுத்துவிட்டு ஊதா விளக்கை அடித்தாள். முதலில் அக்காவின் பத்து விரல்களும் பச்சையாக எழுந்தன. பிறகு கூடையிலிருந்த ரொட்டிகள். பிறகு தட்டுகளின் விளிம்புகள். கடைசியாக, தின்றுகொண்டிருந்தவர்களின் உதடுகள்.

"ஐயோ, என் வாயில இருக்குடி!"

ஒருத்தி மேசையிலேயே வாந்தி எடுத்தாள். தொட்டிகளை நோக்கிக் கூட்டம் முட்டி மோதியது. தங்கையைத் தவிர, விளையாட்டு என்று அறிந்திருந்த ஒரே ஆளான அக்கா அப்போது சிரித்துவிட்டாள்.

"சிரிக்கிறா பாரு!"

நர்ஸ் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள். "அக்கா கை சுத்தம்! அது வெறும் பொடி. என் கையாலதான் பூசினேன்!"

"கூடப்பிறந்தவ இல்லையா, விட்டுக்கொடுப்பாளா?" என்றது ஒரு குரல். அதன்பின் அவள் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. ஒரு வாரத்துக்கு வைத்த சோப்பு இரண்டே நாளில் கரைந்தது. கெடு முடிந்த வாரத்தில் ஒன்பது பேர் மட்டுமே விடுப்பில் இருந்தார்கள். கேன்டீன் பிழைத்தது. ஆனால் அக்காவின் கூடை நிறைந்தபடியே இருந்தது. பெண்கள் மற்றொரு பரிமாறுகிறவளிடம் வரிசை கட்டினார்கள். அக்காவுக்குப் பச்சைக்கை என்று பெயர் வைத்தார்கள். அவளைக் கடந்து போனவர்கள் கை கழுவினார்கள். நர்ஸ் எல்லோரும் பார்க்க அவளிடம் ரொட்டி வாங்கித் தின்று காட்டினாள். "அவளுக்கு விதி, தின்னுதானே ஆகணும்" என்று அதற்கும் சிரித்தார்கள்.

"அக்காவைப் பின்கட்டுக்கு மாத்திடுங்க சார். காய் நறுக்கட்டும்" என்று மேலாளரிடம் கெஞ்சினாள்.

அவர் பதிவேட்டைப் புரட்டினார். சோப்புச் செலவை நாள்வாரியாக எழுதிவைத்தவள் அவளேதான். "காய்ச்சல்னு உங்க அக்கா நாலு நாள் வரலை. அந்த நாலு நாளும் சோப்பு பாதிதான் செலவாயிருக்கு. உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அப்போ அவங்க முன்கட்டுலயே நிக்கட்டும். வேலை போகாது, பயப்படாதீங்க."

எந்த வேலையைக் காப்பாற்றத் துணிந்தாளோ, அந்த வேலை காப்பாற்றப்பட்டது. யாரும் வாங்காத கூடையோடு அக்கா தினமும் வாசலருகே நின்றாள். முதலில் தங்கையிடம் சண்டை போட்டாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் விட்டுவிட்டாள். தங்கை மட்டும் நாள் தவறாமல் ஒரு ரொட்டி வாங்கி அங்கேயே நின்று தின்றாள்.

எட்டாவது மாதத்தில் ஒரு மதியம். ரொட்டியை வாங்கிய நர்ஸ் ஏதோ யோசனையில் நடந்தாள். குழாய்த் தண்ணீர் சில்லென்று விழுந்த பிறகுதான் தெரிந்தது, தொட்டியின் முன் நிற்கிறாள். ரொட்டி பக்கத்துத் திண்டில் கிடந்தது. கைகள் நுரைத்துக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தாள்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவுடி" என்றாள்.