பதில் சொல்லாத டேப்லெட்

முதலில் சுவரைத்தான் தட்டுவார் டெபோரா. விரல் கணுவால் மூன்று தட்டு. பிறகு காதைச் சாய்த்து ஒரு கணம் நிற்பார். செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, கருங்கல்லா என்று பிடிபட்டதும் சின்ன டைரியில் அந்த வீட்டைப் படமாகப் போடுவார். கருங்கல் சுவருக்குத் தடித்த கோடு, செங்கல்லுக்கு மெல்லிய கோடு, இரும்பு பீரோவுக்குக் கறுப்புக் கட்டம். அதுவரை வைஃபை பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புகார் சொல்லி வரவழைத்தவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

"பொட்டி எங்கியும் போயிடாதுங்க. நீங்க டெய்லி எங்க குந்திகினு பாப்பீங்க? மொதல்ல அத்த காட்டுங்க" என்பார்.

திருத்தணியில் ஒரு கேபிள் இன்டர்நெட் அலுவலகத்தில் அவருக்குப் பதினோரு வருட வேலை. முதல் ஏழு வருடம் புகார் போன் எடுப்பவராக இருந்தார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்லவேண்டும். அப்படிச் செய்தால் உள்ளே என்னதான் ஆகிறது என்று ஒருநாள் லைன்மேனைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. அந்த மழைக்காலத்தில் லைன்மேன்கள் இரண்டு பேரும் காய்ச்சலில் படுத்தபோது, டெபோரா தன் ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாற்பது வயதை நெருங்கிய பெண் ஏணி ஏறுவதைத் தெரு வேடிக்கை பார்த்தது. இரண்டு வாரத்தில் தெருவுக்கு அலுத்துவிட்டது. டெபோராவுக்கு அலுக்கவில்லை. நாற்காலிக்கு அவர் திரும்பவே இல்லை.

கே.ஜி.கண்டிகையில் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை போன் அணைந்திருக்கும். மற்ற நேரமெல்லாம் அவர் வாயில் ஒரே ஒரு வாக்கியம்: "அது ஏன்னு பாக்கணும்." சரியாக ஓடுகிற இணைப்பைக்கூட, ஏன் சரியாக ஓடுகிறது என்று நின்று பார்ப்பார்.

புதிய பெட்டிகள் வரத் தொடங்கியபோது அவற்றின் அமைப்புப் பக்கத்தில் 'பீம்ஃபார்மிங்' என்று ஒரு வரி இருந்தது. அது ஆனில் இருந்தால் சிக்னல் கூடும் என்றார்கள் விற்பவர்கள். ஆனிலேயே விட்டுவிடும்படி சொன்னது அலுவலகம். டெபோராவுக்கு அது ஒப்பவில்லை. கரன்ட் கொடுக்கும் அடாப்டர் அதேதான், ஆன்டெனாவும் அதேதான். பிறகு எங்கிருந்து கூடும்?

விடையின் முதல் பாதி ஆடிக் கிருத்திகையில் கிடைத்தது. மலையடிவாரத்து உதவி மையப் பந்தலுக்கு இணைப்பு கொடுக்கப் போயிருந்தார். காவடிக் கூட்டத்தை ஒதுங்கச் சொல்லி ஒலிபெருக்கிகள் இரண்டு ஒரே குரலில் அறிவித்துக்கொண்டிருந்தன. டீக்கடைப் பக்கம் நின்றால் ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்டுக் குழம்பியது. பந்தலுக்குள் வந்தால் அதே குரல் கணீரென்று விழுந்தது. டெபோரா பந்தலுக்கும் டீக்கடைக்கும் நான்கு முறை நடந்தார். பிறகு ஒலிபெருக்கி கட்டிய எழிலனைத் தேடிப்பிடித்துக் கேட்டார்.

"தூரத்துப் பொட்டி சத்தம் வந்து சேர நேரமாவும் இல்ல? அதனால கிட்ட இருக்கிறத்த கொஞ்சம் நிறுத்தி விட்டுகினு இருக்கேன். ரெண்டும் பந்தல்ல வந்து ஒண்ணா விழுவும். வேற எடத்துல கொழகொழன்னுதான் இருக்கும்" என்றார் எழிலன்.

டெபோரா அங்கேயே டைரியைத் திறந்து எழுதிக்கொண்டார்: சத்தம் அதே சத்தம்தான், சேர்கிற இடம்தான் வேறு. பெட்டியின் ஆன்டெனாக்களும் அதைத்தான் செய்கின்றன. ஒன்றை ஒரு துளி முன்னால், இன்னொன்றை ஒரு துளி பின்னால் அனுப்பி, எல்லாம் ஒரே இடத்தில் கூடும்படி செய்கின்றன. ஆனால் எழிலனின் பந்தல் நட்ட இடத்தில் நிற்கிறது. மனிதர்களோ போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் மாடிக்கும் போய்வருகிறார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு கோடு போட்டு வைத்தார்.

மீதிப் பாதி ராஜவேலுவின் வீட்டில் கிடைத்தது.

ராஜவேலு தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது முழுவதும் போய்விட்டது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். மகள் அனுராதா புனேயில் இருக்கிறாள். தினமும் மாலை நான்கு மணிக்கு அவள் வீடியோவில் வருவாள். முன்பு கூடத்தில் உட்கார்ந்து பேசுவார். படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் கடைசி அறைக் கட்டிலோடு சரி. அந்த அறைக்குள் வந்ததும் படம் நின்று நின்று போனது. காது கேட்கிறவர்கள் குரலை வைத்துச் சமாளிப்பார்கள். இவருக்கு உதடு நின்றால் பேச்சே நின்ற மாதிரி.

மருமகள் பிரபாவதி, கடைக்காரர் சொன்னதை நம்பி ஆறு ஆன்டெனா வைத்த புதுப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தார். அப்படியும் படம் நின்றது. ஒருநாள் அனுராதா, "லீவு கெடைச்சா வரமாட்டேனா நைனா" என்று கேட்டிருக்கிறாள். 'வரமாட்டே' வரைக்கும் ஓடிய உதடு அப்படியே உறைந்துவிட்டது. கடைசியில் வாய் திறந்த 'னா' அவருக்கு வந்து சேரவில்லை. மகள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொண்டார். பிரபாவதி நடந்ததைத் தாளில் எழுதிக் காட்டினார். அவளுக்குப் பரிந்துகொண்டு எழுதுகிறாய் என்று பெரியவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்து நாளாக நான்கு மணிக்கு டேப்லெட் அடித்து அடித்து ஓய்கிறது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

அலுவலகத்துக்கு வந்த புகாரில் 'வீடியோ நிற்கிறது' என்று மட்டும்தான் இருந்தது. மற்றதைப் பிரபாவதி சொல்லக் கேட்டபடியே டெபோரா சுவர்களைத் தட்டினார். நடுச்சுவர் கருங்கல். அதை ஒட்டி இரட்டைக் கதவு பீரோ. கூடத்துப் பெட்டியின் ஆறு ஆன்டெனாவும் ஈட்டிபோலக் கடைசி அறையை நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

பெரியவரின் கட்டிலருகே போய்த் தன் போனில் வேகம் பார்த்தார். நாற்பதுக்கு மேல் காட்டியது. அதே இடத்தில் பெரியவரின் பழைய டேப்லெட்டில் மூன்றுதான். டெபோராவின் புருவம் ஏறியது. பீம்ஃபார்மிங்கை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தார். போன் இருபத்தைந்துக்கு இறங்கியது. டேப்லெட் அதே மூன்று. திரும்பப் போட்டார். போன் ஏறியது. டேப்லெட் அசையவில்லை. மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். கருவியும் இந்த வசதியை ஏற்க வேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. டைரியில் கோடு போட்டிருந்த கேள்வி அந்த வரியில் தீர்ந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, சரியாகிவிட்டதா என்று கேட்டார் பிரபாவதி.

"இன்னும் இல்லக்கா. ஏன்னு தெரிஞ்சிடுச்சி. பொட்டி அப்பப்ப ஒரு கொரல் குடுத்துப் பாக்குது. எனக்கு இப்பிடி வந்து சேந்துச்சுன்னு போனு பதில் சொல்லுது. அத்த வெச்சிகினுதான் அதும் பக்கமா சேத்து அனுப்புது. இந்த டேப்லெட்டு பழசு, பதில் சொல்லத் தெரியாது. அது எங்க கீதுன்னே பொட்டிக்குத் தெரியல."

"எங்க மாமாவும் இப்ப அப்பிடித்தான்" என்றார் பிரபாவதி.

டேப்லெட்டை மாற்ற வழியில்லை. மகள் வாங்கிக் கொடுத்தது அது. போனின் சின்னத் திரையில் உதடும் தெரியாது. பூஸ்டர் ஒன்று வாங்கி இந்த அறையில் வைக்கலாமா என்று கேட்டார் பிரபாவதி. வேண்டாம் என்றார் டெபோரா. இங்கே வந்து சேர்வதே அரைகுறை, அந்த அரைகுறையைத்தான் அது திருப்பிச் சொல்லும் என்று விளக்கினார்.

பிறகு ஒரு நீளக் கேபிளை எடுத்தார். கூடத்திலிருந்து நடைவழிச் சுவரோரமாக ஆணி அடித்துக் கொண்டுவந்து, கடைசி அறையின் வாசலுக்கு நேர் எதிர் அலமாரியில் பெட்டியை உட்கார வைத்தார். இப்போது கல்லும் இல்லை, பீரோவும் இல்லை. சாய்ந்திருந்த ஆன்டெனாக்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அலை நுனியிலிருந்து கிளம்புவதில்லை, பக்கவாட்டில்தான் பரவுகிறது என்று பிரபாவதிக்குச் சொன்னார். டேப்லெட் இருபத்திரண்டு காட்டியது.

எண்ணை மட்டும் நம்பி டெபோரா கிளம்பவில்லை. கூடத்துக்குப் போய்த் தன் போனிலிருந்து டேப்லெட்டுக்கு வீடியோ போட்டார். பிரபாவதி அதை எடுத்துப் பெரியவரின் முகத்துக்கு நேரே பிடித்தார். தெரியாத பெண்முகம் திரையில் வரவும் ராஜவேலு திரும்பிப் பார்த்தார். டெபோரா பழக்கதோஷத்தில், "கேக்குதாங்களா ஐயா?" என்றார்.

ராஜவேலு கொஞ்ச நேரம் அந்த உதட்டையே பார்த்தார்.

"கேக்கல. தெரியுது."

நான்கு மணிக்கு டேப்லெட் அடித்தது. அவர் கை நீளவில்லை. பிரபாவதி எடுத்துத் தலையணைமேல் சாய்த்து வைத்தார். திரையில் அனுராதாவின் முகம் வந்தது. அன்றைக்கு என்ன சொன்னாய், அதே மாதிரி சொல் என்றார் ராஜவேலு. அவள் சொன்னாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கடைசி எழுத்துக்கு அவள் வாய் அகலத் திறந்து நின்றதை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"ஆங்" என்றார். எந்த மாசம் லீவு என்று கேட்டார்.

டெபோரா கருவிகளைப் பையில் போட்டு, டைரியை மூடி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பேச்சு முடிந்து டேப்லெட் மடியில் கிடக்க, பெரியவர் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "வரேங்க ஐயா" என்று நடைவழியிலிருந்தே சொல்லிவிட்டு இரண்டடி வைத்தார் டெபோரா. ராஜவேலு பொதுவாகச் சிரித்து வைத்தார்.

டெபோரா நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றி அலமாரியில் வைத்தார். அறைக்குள் திரும்பி வந்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"போயிட்டு வரேங்க ஐயா."