கிறேஸின் முப்பதாவது நாள்

கிறேஸை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. வாயைத் திறந்தால் ஆளைக் குத்தாமல் மூடமாட்டாள். ஆனால் அவள் செய்த வேலையைக் கெடுத்தவள் நான் என்பதால், அதை நான்தான் எழுதவேண்டும்.

எங்கள் ஊர் முள்ளிக்குளத்தில் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் தட்டெழுத்து வேலை அவளுக்கு. 2006இல் சண்டை மறுபடியும் தொடங்கியதும், வீடு வீடாகப் போய்ப் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் கேட்டு வாங்கினாள். பையில் போட்டு மன்னார் டவுனுக்கு பஸ் ஏறுவாள். அங்கே இன்டர்நெற் கடையில் ஸ்கான் பண்ணித் தன்னுடைய ஈமெயிலுக்கே அனுப்பிவிட்டு, கடதாசிகளைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பாள். சீடீயில் போட்டு வைத்தால் சோதனைச் சாவடியில் கேள்வி வரும். ஈமெயிலை யாரும் பையில் தேடமாட்டார்கள் என்பாள்.

“பெட்டி இருக்க, கொண்டுபோய் வானத்திலை வைக்கிறாள்” என்று பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பி சிரித்தார்.

“உங்கடை பெட்டியிலை உறுதியைக் கறையான்தான் வாசிக்குது அண்ணை” என்றாள்.

2007இல் உடுத்த துணியோடு வெளியேறி, மன்னார்த் தீவில் முகாமுக்கு வந்தோம். சிரித்தவர்கள் எல்லாரும் அவளுடைய கொட்டிலுக்கு முன்னால் நின்றார்கள். ஒவ்வொருவரையும் ஏசிவிட்டுத்தான் பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

அந்த ஈமெயிலில் ஒரு சட்டம் இருந்தது. முப்பது நாளைக்குள் ஒருமுறையாவது திறக்காவிட்டால், உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடுவார்கள். அதனால் மாதம் தவறாமல் கடைக்குப் போய் வருவாள்.

கார்த்திகையில் அவளுக்கு மலேரியா. முப்பத்தொரு வருடம் நேர்ஸாக இருந்தவள் நான்; என் கையில்தான் விட்டார்கள்.

“மிஸி, நாளைக்கு முப்பதாவது நாள். கடைக்குப் போகவேணும்.”

“நூற்றிமூன்று காயுது. எழும்பினால் விழுவாய்.”

“விழுந்தால் விழுறன். உங்களுக்கென்ன?”

“பாஸ்வேர்ட்டைத் தா, நான் போறன்.”

“உங்களிட்டைச் சொல்லுறதும் சந்தியிலை எழுதி ஒட்டுறதும் ஒண்டு.”

அதோடு எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஈமெயில் கம்பனிக்காரன் இரண்டு நாள் பொறுக்கமாட்டானா என்று நினைத்து, அவளுடைய செருப்பை எடுத்து ஒளித்துவிட்டேன்.

அவள் எழும்பி நடக்க ஆறு நாள் ஆனது. அன்றுதான் பேச்சியம்மா ஓடிவந்தாள். மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடிவந்து, எங்கள் பக்கம் வயல்களில் கூலிக்கு நின்றவள். அவளுடைய மகன் அழகையாவை அடையாள அட்டை இல்லையென்று பாலத்தடிச் சாவடியில் ஆமிக்காரர் பிடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பிறப்புச் சான்றிதழைக் காட்டாவிட்டால் கொழும்புக்கு விசாரணைக்கு அனுப்புவார்களாம். அன்று புதன்.

“நீங்க எடுத்து வச்சீங்கல்ல தங்கச்சி?” என்று, அதுவரை பிரதி கேட்டு வராதவள் கிறேஸின் கையைப் பிடித்தாள்.

மூவரும் கடைக்குப் போனோம். கிறேஸ் திறந்தாள். ஈமெயில் பெட்டி வெறுமையாக இருந்தது.

“இப்ப காய்ச்சல் இல்லை மிஸி” என்றாள் திரும்பாமல். “சந்தோசமோ?”

பேச்சியம்மா நிலத்தில் குந்திவிட்டாள்.

கிறேஸ் கதிரையை முன்னுக்கு இழுத்தாள். பிறகு திருச்சியில் இருக்கும் அக்கா றோசம்மாவுக்கு எழுதத் தொடங்கினாள். தாயின் வீட்டு உறுதியால் சண்டை பிடித்து, ஒன்பது வருடமாகப் பேசாத அக்கா. எதையும் ஒரே இடத்தில் மட்டும் வைப்பவள் மடைச்சி என்று, ஸ்கான் பண்ணியதையெல்லாம் கிறேஸ் அவளுக்கும் அனுப்பி வந்திருக்கிறாள், ஒரு சொல்லும் எழுதாமல். இப்போதும் நாலே சொல் எழுதினாள்: “அழகையாவின் சான்றிதழைத் திருப்பி அனுப்பு.”

வியாழன் காலையிலிருந்து கடையில் இருந்தோம். மூன்று மணிக்குப் பதில் வந்தது. கிறேஸ் வாசித்துக் காட்டினாள்:

“நீ இன்னும் சாகேல்லையோ? பெடியனுக்காக இதை அனுப்புறன். மிச்சம் வேணுமெண்டால் மரியாதையாய்க் கேள்.”

பேச்சியம்மா அச்சடித்த பிரதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சாவடிக்கு நடந்தாள். இருட்டுவதற்கு முன் அழகையா வந்துவிட்டான்.

மிச்ச ஊராருடைய பிரதிகள் அக்காவிடம் கிடந்தன. கிறேஸ் நாலு நாள் கடைப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் தனியே கடைக்குப் போனாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் வந்து சேர்ந்தன.

எனக்கு அவளிடமிருந்து வந்தது ஒரே கேள்வி.

“என்ரை செருப்பு எங்கை?”

எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் வேறு ஆளைத்தான் கூப்பிட்டாள்.