ரவுண்டானாவில் யாருக்கு வழி?

பள்ளிக்கூடத்தில் வேலையில் சேர்ந்த நாள் முதல் பிள்ளைகளுக்கு மார்க் போட்டே பழகியவள் நான். எனக்கு மார்க் போட ஒரு கம்ப்யூட்டர் வந்து வாய்த்தது. எல்.எல்.ஆர். எடுக்கப் போன ஆபீஸில் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் விடையை அழுத்திக்கொண்டே வந்தேன். சிக்னல் விளக்கு, ஆஸ்பத்திரி போர்டு, இதெல்லாம் பச்சை விழுந்தது. அப்புறம் ரவுண்டானா வந்தது. எந்தப் பக்கம் வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும்? இடப்பக்கம் என்றேன். சிவப்பு. மெதுவாகப் போகிற வண்டி எந்த ஓரமாகப் போக வேண்டும்? வலது ஓரம். சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கம்ப்யூட்டருக்குத்தான் கோளாறு என்று நினைத்தேன். அந்த அளவுக்கு விடைகள் எனக்கு மனப்பாடம்.

சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். சவுதியில் இருபது வருடத்துக்கு மேல் வண்டி ஓட்டியவர். ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன் என்று கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் சொல்லுவார். லீவில் வரும்போதெல்லாம், கொஞ்ச நேரம் எனக்கும் வண்டி ஓட்டப் பழக்கித் தாருங்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். "நான் இருக்கம்போ ஒனக்கு எதுக்குட்டி ஸ்டியரிங்கு?" என்பார். அவர் இருந்தது வருடத்தில் ஒரு மாதம். மிச்ச மாதங்களில் நான் பஸ்ஸுக்கு நின்றேன். அதை அப்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது சர்க்கரை நோயும் கூடவே வந்தது. முதலில் வலது கண் போனது. இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், இதுவும் எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். வீட்டுக்கு வந்ததும் ஷெட்டில் நின்ற காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு சாவியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"நீ படிச்சுக்கோ. கீரிப்பாறைக்கு நீ ஓட்டிட்டுப் போவணும். நான் பக்கத்தில இருந்து பாக்கணும். கண்ணு கெடக்கம்போ ஒருக்கா."

அவர் பிறந்தது கீரிப்பாறையில், ரப்பர் எஸ்டேட் குடியிருப்பில். அவருடைய அப்பா அங்கே ரப்பர் மரங்களில் பால் வெட்டினவர். ஒவ்வொரு லீவிலும் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார். அந்த வளைவுகளில் வண்டியைத் திருப்பும்போது மனுஷனுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாங்கள் ஏதாவது பேசினால் மட்டும் சள்ளென்று விழுவார். "வண்டி ஓட்டும்போ பேசாண்டாம்" என்பது அவருடைய சட்டம்.

எழுத்துப் பரீட்சைக்கு நானே சொல்லித்தருகிறேன், டிரைவிங் ஸ்கூல்காரனுக்கு என்ன தெரியும் என்று உட்கார்ந்தார். சவுதியில் லைசென்ஸ் எடுக்க, கேம்பில் பாயில் படுத்துக்கொண்டு உருப்போட்ட பாடம் அவருக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. அங்கே வண்டிகள் ரோட்டில் வலது பக்கமாகப் போகும், இங்கே இடது பக்கம். இது அவருக்குத் தெரியாததல்ல. ஊரில் ஓட்டும்போது கை தானாக இடது பக்கம் போய்விடும். ஆனால் பாடம் என்று வந்தால் வாயில் வந்தது அங்கத்திய பாடம்தான். எனக்கும் சந்தேகம் தட்டியது. மெதுவாகப் போகிறவன் இங்கே இடது ஓரமாகத்தானே போகிறான் என்று கேட்டேன்.

"இங்க உள்ளவன் ஓட்டுகத பாத்துப் படிக்காத கேட்டியா. இவனுவளுக்கு என்ன மண்ணாங்கட்டி தெரியும்? எல்லாவனும் தப்பாத்தான் ஓட்டுவான். பரீட்சைக்கு உள்ளது வேற."

நம் ஊர் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். களியக்காவிளைப் பக்கம் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும், யார் எந்தப் பக்கம் என்று கடவுளுக்கே வெளிச்சம். ஆகையால் எல்லோரும் செய்வதற்கு நேர் எதிராக இருப்பதுதான் சட்டம் என்று நானும் நம்பினேன். மனுஷன் சொன்ன தோரணை அப்படி.

தோற்று வெளியே வந்தபோது, எனக்கு விண்ணப்பம் போட்டுத் தந்த டிரைவிங் ஸ்கூல்காரர் மரத்தடியில் காத்து நின்றார். என் விடைகளைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "டீச்சர், இது கல்ஃப் பதிலுல்லா! சார் சொல்லித் தந்தாரோ?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் மேல் இல்லை. வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் மேலும் இல்லை. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. திரும்ப எழுத ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"பாஸா?"

"இல்ல."

"எதில போச்சு?"

உங்கள் பதில்களில் போச்சு என்று எப்படிச் சொல்ல? வண்டி ஒன்றைத்தான் அந்த மனுஷன் தனக்குத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். அதையும் பிடுங்கவா? "கம்ப்யூட்டரக் கண்ட வெப்ராளத்தில எல்லாம் மறந்து போச்சு" என்றேன். "சாரமில்ல, பேடிக்காத. நான் திருப்பிச் சொல்லித் தாறேன்" என்று தேற்றி, மறுபடியும் ஆரம்பித்தார். ரவுண்டானா, இடப்பக்கம். மெதுவான வண்டி, வலது ஓரம். நான் தலையை ஆட்டினேன். அடுக்களைக்குப் போய், டிரைவிங் ஸ்கூல்காரர் தந்த புத்தகத்தை அரிசிப் பானைப் பக்கம் வைத்து, அதே கேள்விகளுக்கு வேறு விடைகளைப் படித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், "ஏட்டி, லைட்டு போச்சா?" என்று கேட்டார். வெயில் முற்றத்தில் பளீரென்று அடித்துக் கிடந்தது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆப்பரேஷன் செய்தார்கள். வெளிச்சமா இருட்டா என்று சொல்லுகிற அளவுக்கு மட்டும் மிஞ்சியது. நான் முதல் தடவையே பாஸாகியிருந்தால், மறுநாளே எல் போர்டு ஒட்டி, லைசென்ஸ் உள்ள அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கலாம். கீரிப்பாறை வரை இல்லாவிட்டாலும், சர்ச் வரைக்காவது ஓட்டியிருப்பேன். அவர் பார்த்திருப்பார். இதை நினைக்காத நாள் எனக்கு இல்லை. சமைக்கும்போது நினைப்பேன், ஜெபத்தில் கண்ணை மூடினாலும் அதுதான் வரும்.

பரீட்சையைத் திரும்ப எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இனி யாருக்காக? ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவர்தான் விரட்டினார். "நான் பாத்தாத்தானா? பக்கத்தில இருந்தாப் போதாதா? போய் எழுது." போனேன். அதே நாற்காலி, அதே கம்ப்யூட்டர். ரவுண்டானா வந்தது. வலப்பக்கம் என்றேன். பச்சை. எல்லாம் பச்சை. பாஸ் என்று வந்தபோது, பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை என்னைப் பார்த்து, "எதுக்கு ஆன்ட்டி அழுறீங்க? ஜெயிச்சாச்சுல்லா" என்றாள்.

"நான் சொன்னதுதான வந்துது?" என்று நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் கேட்டார் அவர்.

"நீங்க சொன்னது அப்படியே வந்துது."

அவருக்கு ஒரே சந்தோஷம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், நான் படிப்பித்துப் பாஸானாள் என்று சொல்லிக்கொண்டார். சொல்லட்டும் என்று விட்டேன்.

டிரைவிங் ஸ்கூலில் ஓட்டப் பழகி, முழு லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஒரு சனிக்கிழமை கீரிப்பாறைக்குப் புறப்பட்டோம். அவர் இடது பக்கத்து சீட்டில், கருப்புக் கண்ணாடியோடு, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டே, "இப்பம் நல்லா மாத்தின", "கிளட்ச்ச பைய விடு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். மலை ஏறியதும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ரப்பர் பாலின் புளித்த வாடை அடித்தது. மூச்சை இழுத்து இழுத்து வாங்கினார். வெளியே என்ன தெரிகிறது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

திரும்பி வரும்போது டவுனில் ஒரு ரவுண்டானா. வலப்பக்கம் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நின்றேன்.

"ஏன் நிப்பாட்டின?"

"ரவுண்டானா."

"இடப்பக்கம் பாத்தியா? வண்டி வருதா?"

"பாத்தேன். வருது. அதான் நிப்பாட்டினேன்" என்றேன்.

லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் முன்னால் வலமிருந்து இடமாகக் கடந்து போனது. அவருடைய முகம் அந்தச் சத்தத்தோடு கூடவே திரும்பியது. கண் போன பிறகு காது அவருக்கு அவ்வளவு கூர்மை. நான் வண்டியை எடுத்தேன். ரவுண்டானாவைச் சுற்றி வெளியே வந்தோம். அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். எதற்குத் துடைத்தாரோ.

"அப்பம்... மொத தடவ நீ தோத்தது எனக்க பதிலாலயா?"

முன்னால் ரோடு கலங்கித் தெரிந்தது.

"வண்டி ஓட்டும்போ பேசாண்டாம்" என்றேன்.

அவர் கையை நீட்டித் தடவி, கியரின் மேல் இருந்த என் கையைக் கண்டுபிடித்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். வீடு வரும் வரை எடுக்கவில்லை.